தாராசுரத்தில் எங்கே உட்கார வேண்டும்? மூன்றாம் முறை போய் வந்தவனின் கேள்வி

காவிரிக்கரை:

போன வாரம் மூன்றாவது முறையாகத் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போய் வந்தேன். முதல் இரண்டு முறையும் எல்லோரும் போவது போலத்தான் போனேன். காலையில் தஞ்சை பெரிய கோயில், மதியம் கும்பகோணத்தில் சாப்பாடு, போகிற வழியில் தாராசுரத்தில் முக்கால் மணி நேரம். கல் சக்கரத்தின் பக்கத்தில் நின்று ஒரு படம், இழுத்துப் பாயும் குதிரையின் பக்கத்தில் ஒரு படம், கிளம்பிவிட்டோம். "சின்னதா இருந்தாலும் அழகான கோயில்" என்று இரண்டு முறையும் ஒரே வாக்கியத்தைத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

இந்த முறை அம்மா கூட வந்தார். அவருக்கு முழங்கால் வலி. கருவறைக்கு மேல் எழும்பும் விமானத்தைச் சுற்றி வரும்போது தெற்குப் பக்கத்தில் பாதியிலேயே "என்னால முடியலடா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அம்மா என் தோளைத் தட்டி, "டேய், அந்த முதலை வாயில ஒரு பிள்ளை இருக்கு பாரு" என்றார்.

பார்த்தால், மேலே சுவர் மாடத்தில் நிற்கிற பெரிய சிலைகளுக்கும் கீழே சுவரடியில் ஒரு வரிசை ஓடுகிறது. ஒவ்வொரு சிற்பமும் ஒரு அடிக்குள் அடங்கிவிடும். அதில் ஒன்றில் முதலை வாயைத் திறந்திருக்க, உள்ளேயிருந்து ஒரு பிள்ளை வெளியே வருகிறது. அவிநாசியில் சுந்தரர் பதிகம் பாடி, முதலை விழுங்கிய பிள்ளையை மீட்ட கதை. அம்மா அந்தப் பதிகத்தை அங்கேயே மெதுவாகப் பாட ஆரம்பித்துவிட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. இரண்டு முறை இதே இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். நின்றுகொண்டு நடந்தால் பார்வை தானாகவே மேலே இருக்கும் பெரிய சிலைகளுக்குப் போய்விடுகிறது, இந்த வரிசை கண்ணில் படுவதே இல்லை.

அதனால் என் கேள்வி இதுதான். இந்தக் கோயிலைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த முறை எங்கெங்கே உட்கார வேண்டும்? எதை எதை நான் இன்னும் பார்க்கவே இல்லை?

ஓலைச்சுவடி:

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்தது அறுபத்துமூவர் வரிசை. நாயன்மார்களின் வாழ்க்கையில் ஆளுக்கு ஒரு காட்சியாவது இருக்கும், பலவற்றில் இன்னார் என்று பெயரும் பொறித்திருக்கிறார்கள். இதில் என்னை இன்றைக்கும் அசத்துவது காலக்கணக்கு. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். நூலுக்குள்ளேயே அவனை அநபாயன் என்று குறிப்பிடுகிறார். தாராசுரத்தைக் கட்டிய இரண்டாம் ராஜராஜன் (1146 முதல் 1173 வரை ஆண்டவன்) அவன் மகன். அப்பா காலத்தில் எழுதிய நூல் மகன் காலத்தில் கல்லில் ஏறிவிட்டது. ஏட்டில் படிக்கத் தெரியாதவனும் கோயிலைச் சுற்றி வந்தால் கதை தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். அம்மா பாடிய பதிகத்தில் சுந்தரர் என்ன கேட்கிறார்? பிள்ளையைத் தரும்படி முதலையிடமும் காலனிடமும் சொல் என்று சிவனிடம் கேட்கிறார். தாராசுரத் தலபுராணத்தில் யமனும் ஒரு சாபத்தால் உடம்பெல்லாம் எரிச்சல் எடுத்து இங்கே வந்து குளத்தில் முழுகி ஆறினான் என்று வரும். அந்தக் குளத்துக்கு யமதீர்த்தம் என்றே பெயர். யமன் வந்து வணங்கிய ஊரில் யமனிடமிருந்து பிள்ளையைத் திரும்ப வாங்கிய காட்சி. செதுக்கியவர் இதை நினைத்துச் செய்தாரா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அங்கே உட்கார்ந்து பார்க்கும்போது எனக்கு அந்த நினைப்பு வராமல் இருந்ததில்லை.

மதுரை_வழிப்போக்கன்:

எல்லாம் சரி, ஆனால் ஒரு விஷயத்தை நேராகப் பேசலாமே. தஞ்சை விமானம் 60 மீட்டரை ஒட்டிய உயரம். கங்கைகொண்ட சோழபுரம் 53 மீட்டர். தாராசுரம் 24 மீட்டர். 1010இல் தஞ்சையைக் கட்டி முடித்த வம்சம் நூற்றைம்பது வருஷம் கழித்து அதில் பாதி உயரம்கூட இல்லாத ஒன்றைக் கட்டுகிறது. சோழர் கை தளர்ந்துபோன காலம் அது, சிற்றரசர்கள் தலையெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரிதாகக் கட்ட முடியாததால் சின்னச் சின்ன வேலைப்பாட்டில் இறங்கினார்கள் என்று தோன்றுகிறது. குறை சொல்லவில்லை, எனக்கு அப்படித்தான் படுகிறது.

காவிரிக்கரை:

இதே எண்ணம் எனக்கும் முதலில் இருந்தது. ஆனால் அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தபின் மாறிவிட்டது. கை தளர்ந்தவன் செய்த வேலையாக அது தெரியவில்லை. பார்க்கிறவனைக் கிட்டே வா, இன்னும் கிட்டே வா என்று கூப்பிடுகிற வேலை அது. தஞ்சையில் நான் பின்னால் பின்னால் நகர்ந்து போய்த்தான் விமானத்தை முழுசாகப் பார்த்தேன். இங்கே ஒவ்வொன்றுக்கும் முன்னால் முன்னால் நகர்ந்து போனேன்.

உளிச்சத்தம்:

நான் கல்வேலைக் குடும்பம். அப்பாவும் தாத்தாவும் ஸ்தபதிகள், நானும் இருபது வருஷமாக உளி பிடிக்கிறேன். மதுரைத் தம்பி உயரத்தை மட்டும் வைத்துச் சொல்வதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாராசுரத்தில் இருப்பது கருங்கல். அதே 12ஆம் நூற்றாண்டில் கர்நாடகத்தில் ஹளேபீடு கோயிலில் ஹொய்சளர்கள் செய்ததைப் பார்த்து வாய் பிளக்கிறோம், பிளக்க வேண்டியதுதான், ஆனால் அது மாக்கல் வகை. வெட்டி எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப்பட்ட பிறகு இறுகும். அதில் கத்திபோல உளியை ஓட்டலாம். கருங்கல்லில் அது நடக்காது. கருங்கல் என்பது பரல் பரலாகச் சேர்ந்த கல். கிட்டே வைத்துப் பார்த்தால் வெள்ளை, கறுப்பு, சாம்பல் என்று பரல் தனித்தனியாகத் தெரியும். தாராசுரத்து ராஜகம்பீரன் மண்டபத் தூண்களில் உள்ளங்கை அளவு கட்டத்துக்குள் நாலைந்து உருவங்கள் இருக்கும். அதில் ஒரு முகம் சுண்டுவிரல் நகம்போல இருக்கும். அந்த மூக்கில் எத்தனை பரல் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மூன்றுதான் இருக்கும். ஒரு பரல் தெறித்தால் மூக்கு போச்சு. தூண் ஒரே கல் என்பதால் ஒரு மூக்குக்காகத் தூணை மாற்றவும் முடியாது.

இவ்வளவு சின்ன உருவத்துக்கு ஓங்கி அடிக்கவே கூடாது. உளியைச் சாய்த்துப் பிடித்து, துளித்துளியாகப் பொடியாக்கித்தான் எடுக்க முடியும். முனை மழுங்கிக்கொண்டே இருக்கும், பக்கத்திலேயே உலை வைத்து உளியைக் காய்ச்சி அடித்துக் கொடுக்க ஆள் இருந்தாக வேண்டும். அப்புறம் டெல்டாவில் கல்லே கிடையாது, எல்லாம் வண்டல் மண். வெளியிலிருந்து கொண்டுவந்த கல்லில் இந்த வேலை. என் கணக்கில் இது ஆள்பலமும் பொறுமையும் நிறைய இருந்த இடத்தில்தான் நடக்கும்.

மதுரை_வழிப்போக்கன்:

பரல் கணக்கை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை ஐயா. உயரத்தை மட்டும் வைத்துப் பேசியது அவசரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விமானம் ஏன் சுருங்கியது என்ற கேள்வி அப்படியே இருக்கிறதே?

ஓலைச்சுவடி:

அதற்குப் பாதி பதில் கோயிலின் வாசலிலேயே இருக்கிறது. நீங்கள் உள்ளே நுழைவது சின்ன கோபுரம். அதற்கு வெளியே, கிழக்கில், மேல்நிலை முழுக்க இழந்து அடிப்பாகம் மட்டும் நிற்கிற பெரிய கோபுரம் ஒன்று இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் இடிந்த மதில் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதன் மாடங்களிலும் எந்தத் தெய்வம் எங்கே என்று பெயர் பொறித்திருக்கிறார்கள். பிற்காலச் சோழர் காலத்தில் உயரம் விமானத்திலிருந்து கோபுரத்துக்கு நகர்கிறது. சிதம்பரத்தைப் பாருங்கள், கருவறை சின்னது, கோபுரங்கள் வானத்தைத் தொடும். அம்மனுக்குத் தனிக்கோயில் எழுப்புவதும் இந்தக் காலத்தில் வழக்கமாகிவிடுகிறது. கல்வெட்டில் திருக்காமக்கோட்டம் என்பார்கள். தாராசுரத்தில் தெய்வநாயகி அம்மன் கோயில் வடக்கே தனி மதிலோடு இருக்கிறது. ஒரே விமானத்தில் கொட்டிய உழைப்பு இப்போது கோபுரம், மண்டபம், அம்மன் கோயில், திருச்சுற்று என்று பிரிந்து போகிறது. இதை வீழ்ச்சி என்பதைவிட, கோயில் என்றால் என்ன என்ற எண்ணமே மாறியது என்று சொல்வது சரியாக இருக்கும்.

நெல்லைப்பொண்ணு:

இடையில் ஒரு சந்தேகம். அங்கே வந்த வழிகாட்டி ஒருவர் "உலகத்திலேயே முதல் ரதக்கோயில் இதுதான், இதைப் பார்த்துத்தான் கொனார்க் கட்டினார்கள்" என்று எங்களிடம் சொன்னார். உண்மையா?

ஓலைச்சுவடி:

கொனார்க் 13ஆம் நூற்றாண்டின் நடுவில் கங்க மன்னன் முதலாம் நரசிம்மதேவன் கட்டியது. தாராசுரம் அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் மூத்தது. ஆனால் இதைப் பார்த்துத்தான் அதைக் கட்டினார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. முதல் ரதக்கோயில் என்பதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே நிற்காது. காட்டுமன்னார்கோயில் பக்கம் மேலக்கடம்பூர் போய்ப் பாருங்கள். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கோயில், கருவறையே தேர், அடியில் சக்கரமும் குதிரையும் இருக்கும். தாராசுரத்துக்கு இரண்டு தலைமுறை முந்தியது. அங்கே கருவறை தேராக இருந்தது, இங்கே முன்மண்டபம் தேராகிறது. கும்பகோணத்திலேயே நாகேசுவரன் கோயில் நடராசர் மண்டபத்திலும் சக்கரமும் குதிரையும் உண்டு, சாரங்கபாணி கருவறையும் தேர் வடிவம்தான்.

முதல், பெரியது என்ற பட்டம் இல்லாவிட்டால் ஒரு கோயிலின் மதிப்பு குறைந்துவிடும் என்று நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தாராசுரத்துக்கு அந்தப் பட்டம் தேவையே இல்லை.

காவிரிக்கரை:

அந்த மண்டபத்துக்கு ராஜகம்பீரன் திருமண்டபம் என்று பெயர், ராஜகம்பீரன் என்பது இரண்டாம் ராஜராஜனின் பட்டப்பெயர் என்று அங்கே தெரிந்துகொண்டேன். குதிரை முன்காலைத் தூக்கி இழுக்கிற இழுப்பில் மொத்த மண்டபமும் கிழக்கே நகர்வது போல ஒரு பிரமை. முப்புரம் எரிக்கச் சிவன் ஏறிய தேர் இது என்று படித்திருக்கிறேன். பூமியே தேர், சூரியனும் சந்திரனும் சக்கரம், நாலு வேதமும் குதிரை என்பார்கள் இல்லையா, அதுதான்.

கொங்குச்சாமி:

நான் வைணவக் குடும்பத்தில் பிறந்தவன். அங்கே சரபமூர்த்தி சிற்பத்தைப் பார்த்தபோது மனசு கொஞ்சம் கஷ்டப்பட்டது என்பதை மறைக்கவில்லை. சிவன் பறவையும் மிருகமும் கலந்த உருவெடுத்து நரசிம்மரை அடக்குகிற காட்சி. வேலைப்பாட்டைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை, கதையைப் பார்த்தால் நிற்க முடியவில்லை. ரொம்ப நேரம் அங்கேயே தவித்துக்கொண்டு நின்றேன்.

ஓலைச்சுவடி:

மனசில் இருந்ததை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. அந்தக் காலத்துச் சைவ வைணவ மோதலின் சுவடு அது. இந்த ராஜராஜனின் அப்பா காலத்தில்தான் தில்லையில் கோவிந்தராசர் திருமேனியை அப்புறப்படுத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. அடுத்து மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய திருபுவனத்திலும் சரபருக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. அப்போதைய கோயில் பார்க்கச் சொன்ன எல்லாவற்றையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்களைப் போலத் தவித்துக்கொண்டே பார்ப்பதும் நேர்மையாகப் பார்ப்பதுதான்.

அதே கோயிலில் ஒன்றாகச் சேர்கிற உருவமும் இருக்கிறது. மண்டபத்து வெளிச்சுவரில் மூன்று முகமும் எட்டுக் கையும் உள்ள அர்த்தநாரி. ஆண்பாதி பெண்பாதி என்பதை எத்தனையோ கோயிலில் பார்த்திருப்பீர்கள். மூன்று முகத்தோடு பார்ப்பது அபூர்வம். எந்தக் கை யாருடையது என்று தேடித் தேடிப் பார்க்க வேண்டும்.

நெல்லைப்பொண்ணு:

அண்ணா, காளையும் யானையும் சேர்ந்த சிற்பத்தை யாரும் சொல்லவில்லையே! எங்கள் வீட்டுக் குட்டிப் பையன் அதை விட்டு நகரவே இல்லை. இரண்டு உடம்பு, ஒரே தலை. யானையின் உடம்பைக் கையால் மறைத்தால் தலையைத் தூக்கின காளை. காளையின் உடம்பை மறைத்தால் யானை. நடுவில் இருப்பது ஒரே கண். அந்தக் கண் யானையாகப் பார்க்கும்போது சாந்தமாகவும் காளையாகப் பார்க்கும்போது முட்ட வருகிற மாதிரியும் தெரிகிறது. கல் மாறவில்லை, நாம்தான் மாறுகிறோம். பையன் ஒரு கையால் மறைத்து மறைத்து எடுத்து இருபது தடவையாவது பார்த்திருப்பான்.

உளிச்சத்தம்:

ரொம்பச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள் தங்கச்சி. எங்கள் வேலையில் அதைப் போடுவதற்கு முதலில் கோடு சரியாக வர வேண்டும். காளையின் நெற்றிக்கோடு எங்கே வளைகிறதோ அங்கேயே யானைக்கும் வேலை ஆக வேண்டும். ஒரு கோடு இரண்டு பேருக்கும் பொய் சொல்லாமல் நிற்க வேண்டும். நான் ஒருமுறை பழகுவதற்காகப் பலகையில் வரைந்து பார்த்தேன், யானை வந்தது, காளை கழுதையாகிவிட்டது. மறுபடி மறுபடி வரைந்து ஒன்பதாவதில்தான் ஒப்புக்கொள்ளும்படி வந்தது. கல்லில் ஒன்பது தடவை கிடையாது.

அதே மாதிரி, நாலு உடம்பு சேர்ந்து கைகால் பின்னி ஆடுகிற உருவங்களும் இருக்கின்றன. எந்தக் காலை எந்த உடம்போடு சேர்த்துப் பார்த்தாலும் ஒரு முழு ஆள் கிடைப்பான்.

தறிவீடு:

எங்கள் வீடு கோயிலுக்கு நாலு தெரு தள்ளி. ஊரில் பட்டுத்தறி நிறைய. எங்கள் வீட்டிலும் தறிதான். கோயிலை இத்தனை பேர் இப்படிப் பேசுவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஊர்ப்பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கோயிலுக்குப் பழைய பெயர் ராஜராஜேச்சரம். ஊர் ராஜராஜபுரம். அதுதான் வாய்க்கு வாய் தேய்ந்து ராராபுரம் ஆகி, தாராசுரம் ஆனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சோழர்களின் இரண்டாம் தலைநகரமாக இருந்த பழையாறையோடு சேர்ந்த பகுதி இது. பட்டீசுவரம், முழையூர் எல்லாம் அதற்குள் அடங்கிய ஊர்கள். ஐராவதேசுவரர் என்ற பெயர், துர்வாசர் சாபத்தால் வெண்மை போன ஐராவதம் இங்கே வணங்கித் திரும்பப் பெற்றதால்.

இப்போது காவிரிக்கரை அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கே உட்காருவது என்பதோடு எப்போது உட்காருவது என்பதும் முக்கியம். உச்சி வெயிலில் அந்தச் சின்னச் சிற்பங்கள் ஒன்றும் தெரியாது, கல் வெளுத்துப்போய் எல்லாம் ஒரே தட்டையாக இருக்கும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து உதிக்கும். அப்போது காலையில் தெற்குப் பக்கச் சுவரில் வெயில் சாய்வாக விழும். சாய்ந்த வெயிலில்தான் புடைப்புக்கு நிழல் கிடைக்கும், நிழல் கிடைத்தால்தான் முகம் தெரியும். வடக்குப் பக்கத்துக்கு ஆனி மாதம் வாருங்கள். நாங்கள் தறியில் பூ வேலை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் புடவையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்போம். அதே சங்கதிதான்.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை என்றால் யோசித்து வாருங்கள். ரோட்டைவிடக் கோயில் தரை தாழ்வு. உள்ளே தண்ணீர் நின்றுவிடும்.

காவிரிக்கரை:

இதுதான் எனக்கு வேண்டிய பதில். நாங்கள் போனது பதினொன்றரை மணிக்கு. பாதி உருவங்களை அம்மா சொல்லித்தான் கண்டுபிடித்தேன்.

அந்த இசைப்படிகளைப் பற்றியும் சொல்லுங்களேன். நந்திக்குப் பக்கத்தில் பலிபீடத்தை ஒட்டி இருக்கிறதே, கம்பி வலை போட்டு மூடியிருக்கிறார்கள்.

தறிவீடு:

நான் சின்னப் பையனாக இருந்தபோது என் தாத்தா அந்தப் படிகளைத் தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் கொடுக்கும் என்று சொல்லி என்னை அழைத்துப் போனார். வருகிறவர்கள் எல்லாம் கையில் கிடைத்த கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்துப் படி விளிம்பெல்லாம் சிதைய ஆரம்பித்தது. வலை போட்டது நல்லது என்றே நினைக்கிறேன். கேட்க ஆசைதான். ஆனால் எல்லோரும் ஒரு தட்டு தட்டினால் அடுத்த தலைமுறைக்குப் படியே இருக்காது.

உளிச்சத்தம்:

கல் சத்தம் போடுவதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நாங்கள் கல் எடுக்கும்போது தட்டித்தான் எடுப்போம். வெண்கல மணி மாதிரி கணீரென்று ஒலித்தால் ஆண்கல், ஆண் தெய்வத் திருமேனிக்கு ஆகும். அதைவிட மெல்லிய நாதம் வந்தால் பெண்கல். ஒலியே இல்லாமல் மொத்தென்று கேட்டால் தளத்துக்கும் அடித்தளத்துக்கும். இது எங்கள் வழிவழி வழக்கம். உள்ளே விரிசல் இருந்தால் கணீர் வராது, ஆக இது கல்லின் உடம்பைப் பரிசோதிக்கிற வழியும்தான். படிக்கு நீளம், கனம், எந்த இடத்தில் தாங்கல் இருக்கிறது என்பதைப் பொறுத்து நாதம் மாறும். அதை முன்கூட்டித் தெரிந்து, வேண்டிய நாதம் வரும்படி செதுக்கி வைத்தவர்களின் காது எப்பேர்ப்பட்ட காது என்பதுதான் என் ஆச்சரியம்.

மதுரை_வழிப்போக்கன்:

என் பங்குக்கு ஒன்று. தாராசுரத்தைப் பார்த்தவர்கள் தஞ்சை அரண்மனையில் இருக்கும் கலைக்கூடத்துக்கும் போக வேண்டும். தாராசுரத்துச் சிற்பங்கள் பல அங்கேதான் இருக்கின்றன. பிச்சை எடுக்கும் கோலத்துச் சிவனான பிட்சாடனரும் அவரைப் பார்த்து மயங்கும் முனிவர் மனைவியரும் ஒரு தொகுதி. யானையை உரித்துத் தோலைப் போர்த்தி ஆடும் கஜசம்ஹாரர் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு துவாரபாலகர். அதன் பீடத்தில் விஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரத்தை எறிந்து கொண்டுவந்த துவாரபாலகர் என்று தமிழில் பொறித்திருக்கிறது. விஜயராஜேந்திரன் என்பது முதலாம் ராஜாதிராஜனின் பட்டப்பெயர், ராஜேந்திர சோழனின் மகன். மேலைச் சாளுக்கியரின் தலைநகரை அழித்து அங்கிருந்து தூக்கிவந்த சிலை. அவனே அப்புறம் 1054இல் கொப்பத்துப் போரில் யானைமேல் இருந்தபடியே இறந்தான்.

நான் அதன் முன் நின்றபோது பெருமையும் வந்தது, சங்கடமும் வந்தது. யாரோ ஒரு சாளுக்கியச் சிற்பி தன் ஊர்க் கோயில் வாசலைக் காக்கச் செய்த உருவம். கல் கறுப்பு, நகைவேலை வேறு மாதிரி, நம் ஊர் துவாரபாலகர் பக்கத்தில் நிறுத்தினால் அந்நியன் என்று உடனே தெரியும். வெற்றியின் அடையாளமாக நம் எழுத்தை அதன் காலடியில் வெட்டியிருக்கிறோம்.

ஓலைச்சுவடி:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். கவனியுங்கள், கல்யாணபுரம் எரிந்தது 11ஆம் நூற்றாண்டில். தாராசுரம் கோயிலுக்கு நூறு வருஷம் முந்தி. ஆக அந்தத் துவாரபாலகர் முதலில் வேறெங்கோ, அநேகமாகப் பழையாறை வட்டாரத்திலேயே, நின்றிருக்க வேண்டும். கோயில் கட்டியபின் இங்கே வந்திருக்கலாம். தாராசுரத்துச் சிற்பிகளின் கண்முன் அந்தச் சாளுக்கிய வேலை நின்றிருந்தது என்றால், நுணுக்கமான நகைவேலையும் நெருக்கமான உருவங்களும் அவர்களுக்குப் பிடித்துப்போனதில் அதற்கும் பங்கு இருந்திருக்குமோ என்று நான் யோசிப்பதுண்டு. இது என் ஊகம் மட்டும்தான்.

கொங்குச்சாமி:

தோற்ற ஊரின் சிலையிலிருந்து வென்ற ஊர்ச் சிற்பி கற்றுக்கொண்டான் என்றால் எனக்கு அந்தச் சிலையைப் பார்க்கிற கண்ணே மாறுகிறது.

நெல்லைப்பொண்ணு:

ஒரே ஒரு வருத்தம். 1987இல் தஞ்சைக் கோயிலுக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அங்கீகாரம் கிடைத்தது, 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் அதோடு சேர்த்தார்கள். சோழர் பெருங்கோயில் வரிசையில் நாலாவதாக இருக்கிற திருபுவனம் சேரவில்லை. கும்பகோணத்திலிருந்து தாராசுரம் மேற்கே என்றால் திருபுவனம் கிழக்கே, பக்கம்தான். தாராசுரம் வருகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

காவிரிக்கரை:

எல்லோர் சொன்னதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மார்கழியில் மறுபடி போவதாக முடிவு செய்துவிட்டோம். இந்த முறை கும்பகோணத்திலேயே இரவு தங்கி, விடிந்ததும் கோயில். தறிவீடு தம்பி, தெற்குச் சுவரில் எந்த நேரம் வரை வெயில் சாய்வாக இருக்கும்? அம்மா தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ரொம்பச் சிரமப்படுகிறார், அதனால் கேட்கிறேன்.

தறிவீடு:

நடை திறந்ததிலிருந்து எட்டரை வரைக்கும் நல்ல வெளிச்சம் இருக்கும். அம்மாவுக்கு எங்கள் வீட்டில் தறிக்காரர்கள் உட்காரும் குட்டிப் பலகை இருக்கிறது, ஒரு சாண் உயரம். வருகிற தேதியை முதல் நாள் மட்டும் இங்கே எழுதிவிடுங்கள், எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். கண்ணப்பர் இருக்கிற இடத்தையும் நானே காட்டுகிறேன், அங்கேயும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.